முழங்கால் வலிக்குச் சொடக்கு எடுக்கலாமா? ஆய்வுகள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லை_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. வலது முழங்காலில் மூன்று வருடமாக வலி. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், மூட்டுத் தேய்மானம், மூன்றாம் நிலை என்றார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள், நடங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, போடாவிட்டால் மாடிப்படி இறங்க முடியவில்லை. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வாசலில் கோலம் நான்தான் போடுகிறேன்.

தம்பி ஃபோனில் கைரோபிராக்டிக் (மூட்டைக் கையால் திருகிச் சொடக்கு எடுக்கும் சிகிச்சை) வீடியோக்களாகப் பார்த்துவிட்டு ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். விசாரித்தால், 24 சிட்டிங் வரவேண்டும், முழுப் பணத்தையும் முதலிலேயே கட்ட வேண்டும் என்கிறார்கள். அம்மாவின் காலை யாரோ பிடித்துத் திருகுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. முதுகுவலிக்கு ஆய்வுகள் இருப்பதாகப் படித்தேன். கை கால் மூட்டுகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சையை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

மதுரை_வடக்குமாசி

எனக்குத் தோள்பட்டை இறுகி ஏழெட்டு மாதம் சட்டை போடக்கூட முடியாமல் இருந்தது. பிசியோவில் கையைப் பிடித்து மெதுவாக இழுத்து இழுத்துத்தான் சரியானது. தைரியமாகப் போங்கள் அக்கா. ஆனால் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

கோவை_பிசியோ

செல்வி அக்கா, நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட், 14 வருடமாக அதிகம் பார்ப்பது முழங்கால்தான். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆய்வுகள் இருக்கின்றன. முழங்காலுக்கு முக்கியமானது 2000இல் வந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் கெயில் டெய்ல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் அவருடைய குழுவினரும் செய்தது. தேய்மானம் உள்ள 83 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை, நான்கு வாரம், கையால் செய்யும் சிகிச்சையும் உடற்பயிற்சியும். மறு பாதிக்குப் பலன் தராத அளவுக்குக் குறைத்து வைத்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. எட்டாவது வாரத்தில், சிகிச்சை பெற்றவர்களின் வலி, இறுக்கம், அன்றாட வேலைச் சிரமம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மதிப்பெண் 55.8 சதவீதம் முன்னேறியிருந்தது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 13.1 சதவீதம் கூடியிருந்தது. ஒரு வருடத்துக்குள் போலிச் சிகிச்சைக் குழுவில் 20 சதவீதம் பேர் மூட்டு மாற்று அறுவைக்குப் போனார்கள், சிகிச்சைக் குழுவில் 5 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே யாரும் முழங்காலைப் படீரென்று திருகவில்லை. மடக்கி நீட்டும் எல்லையில் மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அசைப்பது, சுற்றியிருக்கும் தசையை நீட்டுவது, சிரட்டை எலும்பைப் பக்கவாட்டில் நகர்த்திவிடுவது போன்ற வேலைதான் பெரும்பாலும். தேவைப்பட்டவர்களுக்கு இடுப்பு, கணுக்கால், கீழ்முதுகு ஆகியவற்றையும் பார்த்தார்கள். முழங்காலை முழுதாக நீட்ட முடியாதவர் நொண்டித்தான் நடப்பார், அதில் தொடைத்தசை இளைக்கும், இளைத்தால் வலி கூடும். அந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும். கையால் செய்யும் சிகிச்சை அதைத்தான் செய்கிறது என்பது என் அனுபவம்.

2005இல் அதே குழு 134 பேரை வைத்து இன்னொரு ஆய்வு செய்தது. எனக்கு முதலாவதைவிட இதுதான் பிடிக்கும். ஒரு குழுவுக்கு நான்கு வாரம் சிகிச்சை நிலையத்தில் கைச்சிகிச்சையும் மேற்பார்வையோடு பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு அதே வீட்டுப் பயிற்சியை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். நான்காவது வாரத்தில் முதல் குழுவில் 52 சதவீத முன்னேற்றம், வீட்டுப் பயிற்சிக் குழுவில் 26. அப்படியே இரண்டு மடங்கு. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் நன்றாக இருந்தார்கள்.

இதை அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள் அக்கா. கை பட்டால் சீக்கிரம் நிம்மதி கிடைக்கும். வருடக் கணக்கில் காப்பாற்றுவது வீட்டில் செய்யும் பயிற்சி. 24 சிட்டிங் எதற்கு? டெய்ல் முதலில் செய்தது மொத்தம் எட்டு.

நாகர்கோவில்_ராஜன்

பிசியோ தம்பி சொல்வதைக் கேட்கும்போது எங்கள் ஊர் ஆசான்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தனிப் பகுதியே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. வர்மப் புள்ளிகள் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. என் அப்பாவுக்குத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியபோது ஆசான் தைலம் போட்டுத் தடவி, இழுத்து, அசைத்து, பத்தியமும் சொல்லித்தான் நடக்க வைத்தார். இதை வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததுபோல எழுதுவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

கோவை_பிசியோ

ராஜன் ஐயா, உங்கள் வருத்தம் நியாயம். நான் செய்யும் வேலைக்கு அந்தப் பட்டியலிலேயே பெயர் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் மூட்டு அசைவைப் படிநிலைகளாக வகுத்தார். ஒன்று முதல் நான்கு வரை அசைத்தல். அதற்கும் மேலே, வேகமாக ஒரே தள்ளு தள்ளுவதை ஐந்தாம் நிலை என்பார்கள், சொடக்கு வருவது அதில்தான். நான் மூட்டை விலக்கி இழுப்பது உங்கள் இழுத்தல்தான்.

வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எத்தனை முறை, எவ்வளவு அழுத்தம், யாருக்கு என்று எழுதி வைத்து, அது இல்லாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் தொக்கணத்துக்கும் அப்படிப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனம் இருக்கிறது, வர்மம் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். விழுந்து கணுக்கால் வீங்கினால் முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் ஆசானிடம் போங்கள். முறிந்த எலும்பின்மேல் தடவி இழுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோ_மயூரி

செல்வி அக்கா, நான் டொரொன்டோவில இருக்கிறன். இங்க கைரோபிராக்டரிட்ட போறது எங்கட ஆக்களுக்குச் சாதாரண விசயம். ஒன்டாரியோவில் அவர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு, படிப்புக்குப் பெரிய கல்லூரியும் உண்டு. மாகாணக் காப்புறுதி 2004இல் அவர்களுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தியது, இப்போது கனபேர் வேலைத்தலக் காப்புறுதியில்தான் போகினம்.

இதன் கதையையும் சொல்கிறேன். தொடக்கி வைத்த டி. டி. பாமர் பிறந்தது இங்கேதான், டொரொன்டோவுக்குக் கிழக்கே பிக்கரிங் பக்கம். 1895இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில், காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முதுகெலும்பைத் தட்டி, காது கேட்க வைத்ததாகச் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. உடம்பின் நோய் எல்லாம் முள்ளந்தண்டு இடம் விலகுவதால் என்ற அவருடைய கொள்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை. இப்ப படித்து வருகிற இளம் ஆக்கள் பலர் அதைச் சொல்வதும் இல்லை.

என் மாமிக்கு முழங்கால் நோ வந்தபோது போனோம். அந்தப் பிள்ளை முதுகைத் தொடவே இல்லை. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, சிரட்டையை அசைத்து, ரப்பர் பட்டி ஒன்று கொடுத்துப் பயிற்சி சொல்லி அனுப்பினா. ஆறாம் தரத்தோடு இனி வரத் தேவையில்லை என்றா. உங்கட ஊரில் 24 தரம் என்று முதலே காசு கேட்பது எனக்குச் சரியாப் படேல்லை.

கைரோபிராக்டர்களும் முழங்காலை ஆராய்ந்திருக்கினம். ஆஸ்திரேலியாவில் 43 பேரை வைத்து 2008இல் வந்த ஆய்வில் இரண்டு வாரத்தில் வலி குறைந்தது. ஆனா இரண்டு வாரம்தான் பார்த்தவை, அதுக்குப் பிறகு என்ன என்று அதில் இல்லை.

எண்களின்_தோழன்

புள்ளியியல் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கோவை நண்பர் சாதகமான ஆய்வுகளை மட்டும் சொல்லியிருக்கிறார்.

2014இல் மெல்போர்னில் கிம் பெனெல் குழு இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 102 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் பாருங்கள். ஒரு குழுவுக்குக் கைச்சிகிச்சை, பயிற்சி, அறிவுரை எல்லாம் சேர்த்து 12 வாரத்தில் பத்து சந்திப்பு. மற்ற குழுவுக்கு, அணைத்து வைத்த அல்ட்ராசவுண்டும் மருந்தில்லாத ஜெல்லும். வலியை 100க்கு அளந்தார்கள். உண்மைச் சிகிச்சையில் 58.8இலிருந்து 40.1 ஆனது. போலிச் சிகிச்சையில் 58.0இலிருந்து 35.2. போலிதான் ஒரு படி மேலே நிற்கிறது! அதற்கு மேல், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 41 சதவீதம் பேர் வலி, இறுக்கம் மாதிரி சிறு தொந்தரவுகளைச் சொன்னார்கள், போலிக் குழுவில் 14 சதவீதம்.

இதே இடுப்பு மூட்டுக்கு 2004இல் நெதர்லாந்தில் 109 பேரை வைத்து வந்த ஆய்வில், ஐந்து வாரத்தில் கைச்சிகிச்சைக் குழுவில் 81 சதவீதம் பேர் தேறினார்கள், பயிற்சிக் குழுவில் 50 சதவீதம். ஒரே மூட்டு, இரண்டு பதில். காரணம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. டச்சு ஆய்வில் போலிச் சிகிச்சையே கிடையாது. தனக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்று நோயாளிக்குத் தெரியும், ஒருவர் அரை மணி நேரம் அக்கறையோடு தொட்டுப் பார்க்கிறார் என்பதும் தெரியும். அந்த அக்கறைக்கே வலி குறையும். ஆகவே 81 சதவீதம் என்று யாராவது விளம்பரப் பலகையில் போட்டால், எதைவிட என்று கேளுங்கள்.

கோவை_பிசியோ

நண்பரே, பெனெல் ஆய்வை நானே சொல்லியிருக்க வேண்டும். அதைப் படித்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, ஏனென்றால் அதில் இருந்த ஒவ்வொரு கைமுறையும் நான் தினமும் செய்வது. ஆய்வு ஒழுங்காகச் செய்யப்பட்டது, குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அதன்பின் என் வேலையில் இரண்டு மாற்றம் செய்தேன். இடுப்பு மூட்டுக்காரர்களுக்குக் கைச்சிகிச்சை நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஆழமான மூட்டு, கனத்த தசை, அதைக் கையால் எவ்வளவு நகர்த்திவிட முடியும்? முழங்கால் அப்படியில்லை, தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அடுத்தது, மூன்று சந்திப்பில் நோயாளிக்கு எதுவும் மாறவில்லை என்றால் கைச்சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் தொடர்கிறேன்.

நியூசிலாந்தின் டுனெடினில் ஹேக்ஸ்பி அபட் 2013இல் வெளியிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது எனக்கு இன்றுவரை புதிராக இருக்கிறது. இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உள்ள 206 பேர், நான்கு குழு. வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால், ஒரு வருடத்தில் கைச்சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் டெய்ல் பயன்படுத்திய அதே மதிப்பெண்ணில் 28.5 புள்ளி முன்னேறினார்கள், பயிற்சி மட்டும் 16.4, இரண்டும் சேர்ந்து 14.5. சேர்த்துக் கொடுத்தால் கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஒரே சந்திப்புக்குள் இரண்டையும் அடைத்ததில் எதற்கும் முழு நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

வழிகாட்டு நெறிகளும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல், இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்குக் கைச்சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்து மட்டும் யோசிக்கலாம் என்றது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 நெறி, பயிற்சியோடு கூடுதலாகக் கைச்சிகிச்சை வேண்டாம் என்று மென்மையான பரிந்துரையாகச் சொல்கிறது. இரண்டுமே பயிற்சியை அடித்தளமாக வைக்கின்றன.

மறுபக்கத்துக்கு ஒன்று. 2020இல் டெய்ல் குழு 156 பேரை வைத்துச் செய்த ஆய்வு. பாதிப் பேருக்கு முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்குக் கைச்சிகிச்சை சேர்ந்த பிசியோதெரபி. 240க்கு அளக்கும் அதே மதிப்பெண்ணில் (குறைந்தால் நல்லது) இரண்டு குழுவும் தொடக்கத்தில் 107, 109 என்று இருந்தன. ஒரு வருடத்தில் ஊசிக் குழு 55.8, பிசியோ குழு 37.0. யாராவது அம்மாவுக்கு ஊசி போடலாம் என்றால் இதை நினைவில் வையுங்கள் செல்வி அக்கா. இதிலும் கையையும் பயிற்சியையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்களின்_தோழன்

இப்படி எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நன்றி. முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஒரே பதில் இல்லை என்பதை ஏற்கிறேன்.

தேனி_கார்த்தி

இடையில் ஒரு கேள்வி. எனக்கு டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கை வலி. டென்னிஸ் ஆடியதே இல்லை, ஸ்பேனர் பிடிக்கிற வேலை. ஊசியா, பிசியோவா?

கோவை_பிசியோ

கார்த்தி, பிரிஸ்பேனில் 198 பேரை வைத்து 2006இல் வந்த ஆய்வு உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கும். ஆறு வாரத்தில் ஊசி 78 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, முழங்கையை அசைத்துப் பயிற்சி கொடுத்தது 65, சும்மா விட்டது 27. ஊசியில் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. வருடக் கடைசியில் சும்மா இருந்தவர்களும் பிசியோவுக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே நிலை. வேலைக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டுமானால் பிசியோ. பொறுக்க முடிந்தால் ஸ்பேனர் பிடிக்கும் விதத்தை மாற்றிவிட்டுப் பொறுத்திருங்கள்.

நெல்லை_செல்வி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவன் கேட்கிறான்: அந்தச் சத்தம் வரும்போது எலும்பு இடத்தில் போய் உட்காருகிறது இல்லையா? அதற்காகத்தானே போகிறோம்?

கோவை_பிசியோ

இல்லை அக்கா. மூட்டுக்குள் ஒரு வழுவழுப்பான திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்பும் சட்டென்று பிரியும்போது அழுத்தம் குறைந்து வாயுக்குழி உருவாகிறது. குமிழி உடைவதால்தான் சத்தம் என்று 1971இல் இங்கிலாந்தில் சொன்னார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ கருவிக்குள்ளேயே விரலை இழுத்துப் படம் பிடித்து, குழி உருவாகும் நேரத்தில்தான் சத்தம் வருகிறது என்றார்கள். எதுவானாலும், இடம் விலகிய எலும்பு திரும்பி உட்காரும் சத்தம் அல்ல. விரலில் ஒருமுறை சொடக்கு எடுத்தால் அடுத்த இருபது நிமிடத்துக்கு அதே விரலில் வராது, தம்பியைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் எலும்பு எங்கே போய்த் திரும்பியது?

பிறகு ஏன் நிம்மதியாக இருக்கிறது? மூட்டிலும் தசையிலும் இருக்கும் நரம்புகளுக்குப் போகும் செய்தி மாறுகிறது, வலி கொஞ்ச நேரத்துக்கு அடங்குகிறது, இறுகியிருந்த தசை தளர்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மாவை நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வைத்தால், நேற்றுவரை வலியால் செய்யாத வேலையைத் தசை செய்யும். எனக்குக் கைச்சிகிச்சை தேவைப்படுவது அந்த இடைவெளிக்காகத்தான்.

பாதுகாப்பு பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், இரவில் படுத்தாலும் வலி விடாமல் இருந்தால், சமீபத்தில் விழுந்திருந்தால், எலும்பு பலவீனம், முடக்குவாதம், புற்றுநோய் இருந்தால், டாக்டர் பார்க்காமல் யாரும் மூட்டைத் தொட வேண்டாம். முழங்கால் வலிக்குப் போன இடத்தில் கழுத்தைத் திருக வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கழுத்தை வேகமாகத் திருகும்போது மூளைக்குப் போகும் தமனியில் கிழிசல் ஏற்படும் அபாயம் அரிதாக இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2014இல், இந்தத் தொடர்பை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. முழங்காலுக்குக் கழுத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்குத் தனிச் சட்டப் பதிவு இல்லை. பிசியோதெரபி 2021இல் வந்த தேசியச் சட்டத்துக்குள் இருக்கிறது. படிப்பு என்ன, எங்கே படித்தார் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

நெல்லை_செல்வி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த இடத்துக்குப் போகவில்லை. பக்கத்தில் ஒரு பிசியோ பெண் கிடைத்தாள், சிட்டிங்குக்கு ஒருமுறை பணம். மொத்தம் எட்டு முறை போனோம். முதல் இரண்டு நாள் அம்மாவுக்குக் கூடுதலாகத்தான் வலித்தது, விட்டுவிடலாமா என்று நினைத்தோம். அவளே ஃபோன் செய்து, ஒரு நாள் ஐஸ் வையுங்கள், குறையும் என்றாள். குறைந்தது.

தோழன் ஐயா அளந்து பார்க்கச் சொல்வார் என்று தெருவில் ஆறு நிமிட நடையை நானே அளந்தேன். முதல் நாள் 240 மீட்டர், நேற்று 310. மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாள்தான். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தும் பயிற்சியும், நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியும் காலையும் மாலையும் செய்கிறார். ஒரு நாள் விட்டாலும் மறுநாள் படியில் தெரிகிறது என்கிறார்.

தரையில் உட்காருவது மட்டும் இன்னும் முடியவில்லை. அதைக் கேட்டுத்தான் தினமும் கண் கலங்குகிறார். அதற்கு ஏதாவது வழி உண்டா?

எண்களின்_தோழன்

70 மீட்டர் கூடியது நல்ல மாற்றம் அம்மா. ஒரே ஆள், ஒப்பிட யாரும் இல்லை என்பதால் எதனால் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படித்ததும் மனசு நிறைந்தது.

கோவை_பிசியோ

செல்வி அக்கா, நான் சொன்ன அமெரிக்க ஆய்வுகள் எதிலும் அரிவாள்மனை கிடையாது. அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் கேள்வித்தாளில் மாடிப்படி, கார், காலுறை எல்லாம் வரும், சம்மணம் வராது. புனேயில் அதை நம் பழக்கத்துக்கு மாற்றி ஒரு வடிவம் செய்தார்கள். நமக்கு வேண்டிய கேள்வி இதுதான், அதற்கு இன்னும் நிறைய ஆய்வு வேண்டும்.

மூன்றாம் நிலை மூட்டைச் சம்மணத்துக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். இப்போது எழுந்து உட்காரும் நாற்காலியின் உயரம் என்ன? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு விரல்கடை உயரம் குறைந்த முக்காலிக்கு மாற்றிப் பாருங்கள். வலி கூடினால் பழைய உயரத்துக்கே திரும்பிவிடுங்கள். எவ்வளவு இறங்க முடிகிறதோ அவ்வளவு.

நெல்லை_செல்வி

நாற்காலி 18 அங்குலம். வீட்டில் பழைய பலாக்கட்டை முக்காலி ஒன்று இருக்கிறது, அளந்தேன், 16 வருகிறது. அதில் உட்கார்ந்தால் அரிவாள்மனையைப் பெஞ்சில் வைத்துத் தேங்காய் துருவலாம் என்று அம்மாவே சொல்கிறார். திங்கள்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறோம்.